காந்தாவிடம் திருடிய பேச்சு

காஞ்சிபுரத்தில் காந்தாவிடம் கார் ஓட்டக் கற்றவர்களில் பாதிப் பேர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் அவளைப் பார்க்காமல் போவதில்லை. அந்த ஊர் அரசாங்கம் எப்படி என்றுதான் அவள் முதலில் விசாரிப்பாள். கேட்டதை வைத்து ஒவ்வொரு நாட்டையும் ஒரு வண்டியாக்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற புது ஆட்களிடம் சொல்வாள். சிரித்தால் நடுக்கம் போய்விடும்.

“சிங்கப்பூரு புது வண்டிபா. சத்தமே வராது. ஆனா பின்னாடி உக்காந்தவன் பாட்ட மாத்தக் கூடாது. வளைகுடா சொகுசு வண்டி, ஏசி ஜில்லுனு இருக்கும். பொழைக்கப் போனவன் பக்கத்துக் கதவு மட்டும் உள்ளேர்ந்து தொறக்காது. நம்மளுது ஷேர் ஆட்டோ. ஏறினவன்லாம் ஆளுக்கொரு வழி சொல்லிக்கினு இருப்பான். ஆனா ஓட்டறவனையே மாத்தலாம்.”

பட்டுக்கடை முதலாளி குமாரவேல் ஐம்பது வயதில் அவளிடம் கற்க வந்தார். கட்சியில் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். மூன்று வாரம் கேட்டுச் சிரித்தவர், ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அதை அப்படியே பேசினார். “நானே யோசிச்சது” என்று வேறு சொன்னார். வீடியோ ஊரெல்லாம் பரவியது.

காந்தா கடைக்கே போனாள்.

“சார், அது நான் சொன்னதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“கிளட்சு எது, பிரேக்கு எதுன்னு சொல்றதுதாமா உன் வேலை. உலக அரசியல் உனுக்கு இன்னா தெரியும்?”

புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி காந்தாவிடம் ஓட்டக் கற்றவள். காந்தா வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். இந்த ஆளை இவன் வாயாலேயே கவிழ்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

நான்கு மாதம் காத்திருந்தாள். அவரே போன் செய்தார். கட்சிக் கூட்டத்துக்கு மாவட்டச் செயலாளர் வருகிறார், குமாரவேல் நிற்க ஆசைப்படுகிற வார்டுக்கு வேட்பாளரை அவர்தான் முடிவு செய்வார்.

“காந்தாமா, மேடையில பேசறதுக்கு நம்ம கட்சிக்கு ஒரு வண்டி சொல்லேன். பழச மனசுல வெச்சிக்காத.”

அந்தச் செயலாளர் பெயருக்குத்தான் செயலாளர், எல்லாம் அவருடைய மச்சான் வைத்ததுதான் சட்டம் என்பது டீக்கடைகளில் தினமும் அடிபடுகிற பேச்சு. கட்சிக்குப் புதியவரான குமாரவேலுக்கு மட்டும் அது எட்டவில்லை.

“டிரைவிங் ஸ்கூல் வண்டின்னு சொல்லுங்க சார். ஸ்டியரிங்கு ஒருத்தர் கையில. பிரேக்கு, கிளட்சு பக்கத்துல உக்காந்தவர் கால்லயும் இருக்குது. அதனாலதான் நம்ம கட்சி எங்கயும் முட்டாதுன்னு முடிங்க.”

“சூப்பர்மா!”

கல்யாண மண்டபத்தில் காந்தா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் செயலாளர், பக்கத்து நாற்காலியில் மச்சான். குமாரவேல் அந்த வரியைச் சொன்னதும் யாரோ களுக்கென்று சிரிக்க, மண்டபமே வெடித்தது. மச்சான் நீட்டியிருந்த காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தன்னைப் பாராட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்த குமாரவேல் இன்னொரு தடவை சொன்னார். செயலாளர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார்.

வேட்பாளர் பட்டியலில் வேறு பெயர் வந்தது. குமாரவேல் பயிற்சி மைதானத்துக்கே வந்தார்.

“தெரிஞ்சேதான சொன்ன?”

“தெரிஞ்சேதான் சார். ரெண்டு நாளு யோசிச்சு சொன்னன்.”

அவர் குரல் இறங்கியது. “அது நீ சொல்லிக் குடுத்ததுன்னு செயலாளராண்ட வந்து ஒரு வார்த்த சொல்லுமா.”

“கிளாஸுக்கு நேரமாவுது சார்.”

அன்று மாலைக்குள் அந்தக் கூட்டத்து வீடியோவைக் காந்தா ஒன்பது முறை பார்த்துவிட்டாள். அவளுக்கு அது போதவில்லை; பத்தாவது முறையும் ஓடவிட்டாள்.