சீனாக்காரன் சொன்னது

ஒருத்தி தன் கணவனிடம் மட்டும் சொன்ன சொல் ஊருக்கெல்லாம் போய்விட்டால், அது இன்னும் அவளுடையதுதானா? செல்லக்கனிக்கு முப்பத்தைந்து வயதுவரை இந்தக் கேள்வி எழ வழியில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

கணவர் ராஜரத்தினம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் வருகை பதியும் கிளார்க். ஆலை வாசல் கரும்பலகையில் தினமும் ஓர் அயல்நாட்டுப் பழமொழி எழுதுவது அவர் தானாக ஏற்றுக்கொண்ட வேலை. மேலே நாட்டின் பெயர், கீழே வாசகம். ஷிப்டுக்கு வருகிறவர்கள், "ஏலே, இன்னைக்கு எந்த நாட்டுக்காரன் பேசுதான்?" என்று கேட்டபடிதான் சைக்கிளைவிட்டு இறங்குவார்கள். பெரிய படிப்பாளி என்று அவருக்குப் பெயர். எவ்வளவு படித்தார் என்று யாரும் விசாரித்ததில்லை.

தொண்ணூற்றிரண்டில் தெருவில் அறிவொளி வகுப்பு நடந்தது. செல்லக்கனி எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினாள். பஸ் போர்டு, சோப்பு உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள். ஒரு மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனவள், கணவர் வெளியே வருவதற்குள் பலகையையும் வாசித்துவிடலாம் என்று நின்றாள்.

மேலே 'சீனா'. கீழே, எழுத்து எழுத்தாக, அவளே பேசினாள்.

எட்டு வருஷத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில், அவள் அம்மா வீட்டில் பிறந்த பிள்ளை இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை. அடக்கம் முடிந்து திரும்பிய பஸ்ஸில் அவள் ஜாக்கெட் நனைந்துவிட்டது. சேலையை இழுத்து மூடிக்கொண்டு கணவரின் காதோரம் ஒன்று சொன்னாள். பிள்ளை போன சேதி பாலுக்குத் தெரியவில்லை, அதுபாட்டுக்கு ஊறுகிறது என்று. வேறு யாரிடமும் அதை அவள் சொன்னதில்லை.

தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி வாசித்தாள். பக்கத்தில் பீடி பற்றவைத்த மில் தொழிலாளி கருத்தையா, "சீனாக்காரன் என்னமாச் சொல்லிருக்கான் பாத்தியளாக்கா! அண்ணாச்சிக்கு எங்கன இருந்துதான் ஆப்புடுதோ!" என்றான்.

ராஜரத்தினம் வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு பலகையை.

"இது பஸ்ஸுல நான் சொன்னதுல்லா?"

"செத்த மெதுவாப் பேசு."

"மத்ததெல்லாம்?"

"புஸ்தகத்துல இருந்தது ஒரு வருஷத்துல தீந்துபோச்சு. பொறவு..."

"பொறவு?"

"நீ பேசுறதுதான். உன் பேரைப் போட்டா இவனுவ நின்னு படிப்பானுவளா?"

மாமியார் இறந்தபோது குழாயடியில் அதே தெருவின் ஆவுடையம்மாள் தன்னைத் தேற்றியது அவளுக்கு நினைவு வந்தது. ஜப்பான்காரன் சொன்னானாம், ஆவுடையம்மாளின் புருஷன் மில் பலகையில் படித்துவிட்டு வந்தாராம். நம் மனசில் கிடப்பதை அங்கே எவனோ எப்படிச் சொன்னான் என்று அன்றைக்குச் செல்லக்கனி வியந்துபோனாள்.

"அழிச்சிருதேன்" என்று அவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையை விலக்கினாள். முந்தானையைச் சுருட்டி, வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்க்கத் தானே அழித்தாள். வாசகம் முழுதும் போயிற்று. 'சீனா' மட்டும் மேலே நின்றது.

"ஏட்டி, அதையும் அழிச்சிரு."

அவள் தூக்குவாளியை வாட்ச்மேன் ஸ்டூலில் வைத்துவிட்டு நடந்தாள்.

அதன்பிறகு அவர் பலகையில் எதுவும் எழுதவில்லை. மழையில் கரையும்வரை அந்தப் பெயர் மட்டும் அங்கே இருந்தது. வீட்டில் அவள் பேச்சைக் குறைக்கவுமில்லை, அளந்து பேசவுமில்லை. அந்த ஒரு சொல்லை ஏன் விட்டுவைத்தாள் என்று அவர் பலதடவை கேட்டார். ஒரே ஒரு தடவை அவள், "அது நான் சொன்னது இல்லல்லா" என்றாள்.