பாறையை அடித்தால் மோட்டார் ஓடும்

எகிப்தில் மூன்று நாள் இருட்டு என்றால் எதிர்வீட்டு பேட்டரி விளக்கைப் போட வேண்டும். எரியும் சூளைக்குள் மூன்று பேர் கருகாமல் உலாவினார்கள் என்றால் மின்விசிறி. மோசே கோலால் பாறையை அடித்தார், தண்ணீர் பீறிட்டது என்றால் கீழே இறங்கிப்போய் மோட்டாரைப் போட வேண்டும். யூதர்களின் வரலாறு எனக்கு இப்படித்தான் தெரியும். யாராவது கேட்டால் காலவரிசையில் சொல்ல வராது, சுவிட்சு வரிசையில் சொல்லுவேன்.

பர்மாவில், யாங்கோனின் பபேடான் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். எதிர்வீட்டில் ஒரு யூத அண்ணன், தனியாள். அவருடைய முன்னோர் பாக்தாதிலிருந்து கல்கத்தா வழியாக வியாபாரம் செய்ய வந்தவர்கள். எங்களவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இரண்டு கூட்டமும் இந்தியாவைப் பார்த்து நடந்தது. திரும்பி வந்த கொஞ்சம் பேரின் மிச்சம்தான் நாங்கள். அவர்களுடைய ஜெபக்கூடத்தில் சேர்ந்து தொழுவதற்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம். வெளிநாட்டுப் பயணிகள் வந்தால்தான் எண்ணிக்கை தேறும். இந்தத் தெருவிலேயே வளர்ந்தவர் என்பதால் தமிழ் மட்டும் வெளியூரில் இருக்கும் என் பிள்ளைகளைவிட நன்றாகப் பேசுவார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை அவருக்கு ஓய்வுநாள். சுவிட்சைத் தொட மாட்டார், ஃபோனை எடுக்க மாட்டார், வண்டியில் ஏற மாட்டார். சரி, நான் செய்து கொடுக்கிறேன் என்றால் என்னிடம் ‘போடு’ என்று சொல்லவும் கூடாதாம். ஜாடையாகச் சொல்லலாம். ‘இருட்டா இருக்கே’ என்று பொதுவாகச் சொன்னால் தப்பில்லை என்று அவர்களுடைய பெரியவர்கள் வழிவிட்டிருக்கிறார்கள். ஆனால் இவர் யாங்கோனில் பிறந்தவர். இங்கே அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூசுவதற்கு ஆனாடே என்று ஒரு சொல் உண்டு. அது ரத்தத்திலேயே ஊறியது. ‘இருட்டா இருக்கே’ என்பதே அவருக்கு ஆனாடே. அதனால் எகிப்துவரை போய்த் திரும்புவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இவர் தேசத்தையே சுற்றி வந்து தொடுவார்.

எனக்கு ஆனாடே இல்லையா என்ன? அவர் வாய் திறக்காமல் நானாக அவர் வீட்டுக்குள் போய்ச் சுவிட்சைத் தட்டலாமா? மனிதர் என்ன நினைப்பார்? ஆகவே ஆளுக்கொரு வாசலில், கும்மிருட்டில், நான் ‘சாப்பிட்டீங்களாண்ணே’ என்பேன், அவர் ஃபாரோ மன்னனின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசுவார். எனக்குப் பொறுமை குறைவு. மூன்றாவது வாக்கியத்துக்குள் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

எல்லாக் கதையும் உடனே பிடிபடாது. ஒரு சனிக்கிழமை ஸ்பெயின் தேசத்து ராஜாவும் ராணியும் யூதர்களை ஒருவர் பாக்கியில்லாமல் வெளியேறச் சொன்ன கதையை ஆரம்பித்தார். விளக்கை அணைத்துப் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். அவர் மிகுந்த மரியாதையோடு அடுத்த கப்பலை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் உள்ளே எட்டிப் பார்த்து, அலமாரி மேல் உட்கார்ந்திருந்த புறாவைத் துரத்திவிட்டார்.

இன்னொரு நாள், நல்ல மழைக்காலம். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பாபிலோன் கதை கேட்டது. எருசலேம் விழுந்தது, ஜனங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள், ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதார்கள். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வெளியே நின்று முழுவதையும் கேட்டேன். பாரசீக ராஜா வந்து விடுதலை கொடுக்கும்போதுதான் உறைத்தது, ஈரத்தில் மரக்கதவு ஊதி இறுகிப்போய் மனிதர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார். தோளால் முட்டித் திறந்தேன்.

“கதவத் தள்ளுன்னு சொல்றதுக்குமா தடை, அண்ணே?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுக்குத் தடையில்ல, தங்கச்சி. சனிக்கிழமையாச்சே, அதான் பழக்க தோஷம்.”

குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

“நேராப் பேசத் தெரியாத மனுஷனோட எப்படித்தான் காலந்தள்றது?” என்று நான் கத்தினால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவருக்கு இந்தக் கதைகள் உயிர். அவருக்கு இதயத்தில் அடைப்பு இருந்தது. மாத்திரையைக் கொடுத்து, படியேறக் கூடாது என்றார் டாக்டர், மூன்றாவது மாடிக்காரரிடம். அதனால் தண்ணீர் மோட்டார் என் பொறுப்பு. இரண்டு வீட்டு மோட்டார் சுவிட்சுகளும் கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் “மீ லா ப்யீ” என்று தெருவே கூவும். கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். உடனே ஓடிப்போய்த் தண்ணீர் ஏற்ற வேண்டும். “நீங்க வாசப்படியத் தாண்டினா கால ஒடிச்சிருவேன்” என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். நோயாளியிடம் பேசுகிற பேச்சா என்றால், அவர் போய்விடுவாரோ என்ற பயம்தான் என் வாயில் அப்படி வந்தது.

அன்றும் சனிக்கிழமை. பகலில் நான் கடையில் இருந்தேன். நாலு தெரு தள்ளி, வளையலும் பூஜைச் சாமானும் விற்கிற சின்னக் கடை. தெருவில் “மீ லா ப்யீ” கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடித்தது. திரையில் எதிர்வீட்டு அண்ணன் பெயர்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் சனிக்கிழமையில் வந்ததே இல்லை.

“தங்கச்சி, உன் வீட்டுக்காரரு விழுந்துட்டாரு. டாக்சில இருக்கோம். மூச்சு இருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு வா.”

எகிப்து இல்லை, பாபிலோன் இல்லை. அவர் நேராகப் பேசிக் கேட்பது எவ்வளவு பயங்கரமான விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு கதை சொல்லமாட்டாரா, எவ்வளவு நீளமாக இருந்தாலும் நின்று கேட்கிறேனே என்று இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அண்ணன் நடைவழி பெஞ்சில், வீட்டில் கட்டும் பழைய லுங்கியோடு, காலில் செருப்பில்லாமல், கையில் ஃபோனை ஏதோ சூடான பாத்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கரண்ட் வந்ததும் நான் இல்லை என்று தெரியாமல் எங்கள் வாசலில் நின்று பாறைக் கதையைச் சொல்லியிருக்கிறார். உள்ளேயிருந்த என் வீட்டுக்காரர் ரசித்துக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப்போய் இரண்டு மோட்டாரையும் போட்டுவிட்டு ஏறியிருக்கிறார். இரண்டாவது மாடி வளைவில் விழுந்திருக்கிறார்.

“மோசேக்கும் அந்தப் பாறைதான் வினை,” என்றார் அண்ணன். “அத அடிச்சதுக்காகத்தான் கடவுள் அவர, தர்றேன்னு வாக்குக் குடுத்த தேசத்துக்குள்ள விடல. கடைசி வரைக்கும் தூரத்துலேருந்து பாத்ததோட சரி. நான் அந்தக் கதையச் சொல்லியிருக்கக் கூடாது.”

“நீங்க ஃபோன் எடுத்தீங்களே, அண்ணே. டாக்சில வேற ஏறியிருக்கீங்க.”

“உயிர்னு வந்துட்டா ஓய்வுநாள் தள்ளி நிக்கும். அதுவும் எங்க சட்டந்தான்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “நா யோசிக்கக்கூட இல்ல,” என்றார்.

ரொம்ப நேரம் கழித்து டாக்டர் வந்து, அடைப்பை நீக்கியாகிவிட்டது, கொஞ்சம் தாமதித்திருந்தாலும் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. இப்போது உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் அவரால் திரும்ப வண்டியில் ஏற முடியாது. நட்சத்திரம் வரும்வரை அந்த பெஞ்சுதான் கதி.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இப்படிப்பட்டதற்கு நேருக்கு நேர் நன்றி சொல்வதா? எனக்கு ஆனாடே தாங்கவில்லை. அவர் பாஷையிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“அண்ணே,” என்று ஆரம்பித்தேன், “எகிப்துலேருந்து எல்லாரும் தப்பிச்சு, கடல் ரெண்டாப் பிளந்து, நனையாம அக்கரைக்குப் போய்ச் சேந்தாங்கல்ல? அப்ப அந்தப் பொம்பளைங்க எல்லாம் கஞ்சிராவக் கையில எடுத்துக்கிட்டு...”

மனிதர் சட்டென்று எழுந்துவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர்க் குழாயைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், சுவரிலிருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பரிதவிப்போடு பார்த்தார். “தண்ணி வேணுமா? புழுக்கமா இருக்கா? நர்ஸக் கூப்பிடணுமா, தங்கச்சி?”

எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

“ஒண்ணும் வேணாம், அண்ணே. அவரக் காப்பாத்திக் குடுத்ததுக்கு நன்றின்னு சொல்ல வந்தேன்.”

அவர் நிம்மதியாக மூச்சு விட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“அத நேரா சொல்றதுக்கென்ன?” என்றார்.