ஜவ்வரிசி மில்காரரின் புதுக் கார்

எங்கள் தெருவுக்குள் முதன்முதலாக ஒரு கார் வந்தது நான் நாலாவது படிக்கும்போது. சேலத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களின் கார் அது. வந்த காரைப் பார்க்கத் தெருவே கூடியது. அது திரும்பிப் போகாமல் நின்றுவிட்டபோது பக்கத்துத் தெருவும் சேர்ந்து கூடியது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் போய்விட்டதால் அவள் கல்யாணம் அப்பாவின் தலையில் இருந்தது. காஞ்சிபுரத்தில் நாலு தறி வைத்து நடத்துகிற மனிதருக்கு ஒரு தங்கையைக் கட்டிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அத்தைக்கு வாய் நீளம். பெண் பார்க்க வந்த ஒருவர், கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னதற்கு, மாப்பிள்ளையும் கூட நடந்தால் நடப்பதாகச் சொன்னாள். இன்னொருவரிடம் என்ன சொன்னாள் என்பதை அம்மா கடைசிவரை எனக்குச் சொல்லவேயில்லை. வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜியையும் கேசரியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று எழுந்துகொள்வார்கள். ஒரு கடுதாசியும் வந்ததில்லை. அப்பாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கசக்கும்.

சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி மில். பெரியவர், அவர் மனைவி, மாப்பிள்ளை என்று மூன்றே பேர். மாப்பிள்ளைதான் காரை ஓட்டி வந்தார். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பால் நிறக் கார். பெரியவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் ஒரு கண் வாசலில்தான் இருந்தது. பிள்ளைகள் யாராவது காரைத் தொட்டால் இங்கிருந்தே செருமுவார்.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் பாடச் சொன்னார்.

"பாட்டு வராதுங்க. புடவையில யானை போடச் சொன்னா போடுவேன்" என்றாள் அத்தை.

அம்மா சமையலறையில் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டு, தன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். அந்த அம்மாள் தண்ணீர் குடித்தார், முந்தானையால் வாயைத் துடைத்தார், "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறமுங்க" என்றார். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வீட்டில் பேச்சு யாருடையது என்பது எனக்கே புரிந்துவிட்டது.

வெற்றிலைத் தட்டு சுற்றி வருவதற்குள் மாப்பிள்ளை முதலில் வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் வாசலுக்குப் போனபோது அவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றிருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் உள்ளங்கையில் ஒரு சின்னச் சாமானை வைத்து மூடினார். கட்டைவிரல் பருமன், பழுப்பு நிறம், தலையில் ஒரு பித்தளைத் துண்டு.

"பாப்பா, இதை உங்க அத்தைகிட்ட குடு. வேண்டாம்னா உடனே உங்கிட்டயே திருப்பிக் குடுத்துடச் சொல்லு."

தறி வீட்டில் இப்படிச் சாமான்கள் மூலைக்கு மூலை கிடக்கும். எங்கள் வீட்டில் கீழே கிடந்த எதையோ எடுத்திருக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னாடி இது?" என்றாள். அந்த நேரம் வெளியே கார் கர் கர் என்று இழுத்துவிட்டு நின்றது. மறுபடியும் கர் கர். அத்தை ஜன்னல் பக்கம் போனாள். வெளியே மாப்பிள்ளை சாவியைத் திருகியபடி, ஏதோ மழை வருமா என்று பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கையில் இருந்ததைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"திருப்பிக் குடுக்கணுமா அத்தை?"

"இப்ப இன்னா அவசரம்?" என்றாள். அவள் முகம் சிவந்து போயிருந்தது. அடுப்படியில் நின்றதால் இருக்கும் என்று நினைத்தேன்.

பெரியவர் காரின் முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். அப்பா சுற்றினார். தெருவில் பாதிப் பேர் ஆளுக்கு ஒரு சுற்றுச் சுற்றினார்கள். யாரோ ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரி ஷெட் வைத்திருந்தவரை அழைத்து வந்தார்கள். அவர் ஸ்பேனரோடு குனிந்ததும் பெரியவர் குறுக்கே பாய்ந்தார். வண்டிக்கு வாரண்டி இருக்கிறதாம். கம்பெனி ஆளைத் தவிர வேறு கை பட்டால் வாரண்டி போய்விடுமாம். அப்புறம் இன்ஜினே கழன்று விழுந்தாலும் கம்பெனி ஏனென்று கேட்காதாம்.

அன்றுதான் அந்த வார்த்தையை எங்கள் தெரு முதன்முதலாகக் கேட்டது. எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. கர்ப்பகிரகத்துக்குள் அர்ச்சகர் மட்டும்தான் போகலாம், அதுபோல. கோயில் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லியா தரவேண்டும்!

பெரியவர் தபாலாபீசுக்குப் போய் மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டு வந்தார். கம்பெனி ஆள் நாளை மறுநாள்தான் வருவாராம். புதுக் காரை விட்டுவிட்டுப் பெரியவர் அசையமாட்டார். அந்த அம்மாளுக்கோ பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. ஆக, கடுதாசி போடுகிறோம் என்று சொல்லி முடித்தவர்கள் எங்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

சாப்பாடுதான் பெரிய சிக்கல். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் பலகாரம் தின்னலாம், சோற்றில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும். அதனால் அம்மா சமைத்து வைத்துவிட்டு நிற்க, எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து அவர்கள் ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். ஓட்டல் சாம்பார் வாயில் வைக்க முடியாதது என்று எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா அதை வைராக்கியமாக விழுங்கினார். ராத்திரி அவரும் மகனும் கோயில் பக்கத்துச் சத்திரத்துக்குப் போனார்கள். பெரியவர் காரிலேயே காவல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நான் வாசல் தெளிக்கத் தண்ணீர்ச் சொம்போடு வந்தேன். பெரியவர் காரின் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயர்கள் கிளம்பிய கறுப்பு வட்ட மூடி ஒன்றைக் கழற்றினார். அதற்குள் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். திரும்பியபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சத்தமே வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. கறுப்பு மூடியை இருந்த இடத்திலேயே மாட்டினார், முன்மூடியை மெல்ல இறக்கினார், என்னைப் பார்த்தார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல பாப்பா. நீ போய்க் கோலம் போடு."

நான் கோலம் போடப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் பாவு நீட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். தெருவின் நீளத்துக்கும் பட்டு இழைகளை இழுத்துக் கட்டவேண்டிய நேரத்தில் நடுவில் கார். தள்ளலாமா, தள்ளினால் வாரண்டி போய்விடுமா என்று ஒரு பெரிய வழக்கே நடந்தது. தள்ளலாம், ஆனால் முன்மூடியில் கை வைக்கக் கூடாது என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். அப்பா மனசு கேட்காமல் ஷெட்காரரை மறுபடி அழைத்து வந்திருந்தார்.

"ரெண்டே நிமிசம்பா. அந்தக் கறுப்பு மூடியத் தொறந்து பாத்தா தெரிஞ்சிடும்" என்றார் ஷெட்காரர்.

"கை வெச்சீங்க, கெட்ட கோவம் வந்துடுமுங்க! வாரண்டி வண்டி இது! என்ன பெரிய கோளாறோ, யாருக்குத் தெரியும்?" என்று பெரியவர் தெருவே அதிரக் கத்தினார்.

இப்போதுதானே ஒன்றுமில்லை என்றார், அதற்குள் மறந்துவிட்டாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. வயதானால் இப்படித்தான் போலிருக்கிறது.

பகலில் சத்திரத்து மூட்டைப்பூச்சிக்குப் பயந்து மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன பேசுவது? அம்மா சிரித்தாள், அவர் சிரித்தார், அதோடு பேச்சு முடிந்தது. அப்போது அவர் கண் எங்கள் கூடத்துத் தரையில் விழுந்தது. கல்லிலேயே கீறி வைத்திருந்த தாயக்கட்டம்.

"இங்க யாரு ஆடுவாங்க?"

"நான் ஆடுவேங்க" என்றாள் அத்தை.

அந்த அம்மாளுக்குத் தாயம் என்றால் உயிராம். புளியங்கொட்டைகளைத் தன் காய்களாக எடுத்துக்கொண்டார். அத்தை உடைந்த வளையல் துண்டுகளை எடுத்தாள். ஒன்று குறைந்தது. சாவகாசமாக இடுப்பிலிருந்து அந்தப் பழுப்புச் சாமானை எடுத்துக் கட்டத்தில் வைத்தாள். எதிரே மோர் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குப் புரையேறி, தும்மி, மூக்கிலெல்லாம் மோர்.

"அது என்ன காயி?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"தறி சாமாங்க" என்றாள் அத்தை, கண்ணை இமைக்காமல்.

பெரியவர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். கட்டத்தைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் வாங்காமலேயே வெளியே போய்விட்டார்.

முதல் ஆட்டத்தில் அத்தை ஜெயித்தாள். இரண்டாவதிலும் ஜெயித்தாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, விட்டுக்கொடுடி, விட்டுக்கொடுடி என்று கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோனாள். அப்பா தறிக்குப் போவதும் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். மாமியாராகப் போகிறவரை, அதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிற மாமியாரை, ஒருத்தி இப்படியா வெட்டித் தள்ளுவாள்? பழத்துக்கு ஒரு கட்டம் இருக்கிற காயையெல்லாம் அத்தை இரக்கமே இல்லாமல் வெட்டினாள். சாயங்காலம் அந்த அம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தபோது, எல்லாம் முடிந்தது என்று அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஆனால் மறுநாள் காலையில் நாங்கள் பல் துலக்குவதற்குள் அவர் வந்துவிட்டார். வாசலிலேயே, "அந்தப் புள்ள எந்திரிச்சுட்டாளா?" என்றார்.

அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் போல நான் பார்த்ததில்லை. பாவு வேலை முடிந்தவர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். வெயில் ஏறி உச்சிக்கு வந்தும் ஆட்டம் முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு காய்தான் மிச்சம். அத்தையின் பழுப்புக் காய் பழத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த அம்மாள் தாயக்கட்டையை உள்ளங்கையில் வைத்து ஊதி உருட்டினார். தாயம் விழுந்தது. பழுப்புக் காயை வெட்டி, அதைத் தூக்கி உயரே காட்டி, சின்னப் பெண் மாதிரிக் கத்தினார். அடுத்த உருட்டில் அவர் காய் பழமாகிவிட்டது.

கூச்சல் அடங்கியதும் அத்தையை உற்றுப் பார்த்தார்.

"நீ விட்டுக் குடுத்தியா?"

"உங்களுக்கு நான் ஏங்க விட்டுக் குடுக்கணும்? எனக்குத் தாயம் விழல."

"எங்கூட்ல அத்தன பேரும் எனக்கு விட்டுக் குடுத்துக் குடுத்து, ஆட்டமே சலிச்சுப்போச்சு" என்றார். பிறகு தலையைத் திருப்பாமலே, சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "பசி உசுரு போவுது. சோத்தப் போடுங்க."

எல்லாருக்கும் புரிந்தது, எனக்கும்தான். அம்மா இலையை எடுக்கப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். அப்பா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார், வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அந்த அம்மாள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் வீடே மூச்சு விட்டது.

சாப்பாட்டுக் களேபரத்தில் அத்தை என்னைக் கூப்பிட்டு அந்தச் சாமானை என் கையில் வைத்தாள். "அவருகிட்ட குடுத்துடு. வேலை முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு." கொண்டுபோய்க் கொடுத்தேன்; அவர் கை கழுவுகிற சாக்கில் வாசலுக்குப் போனார்.

கம்பெனி ஆள் சாயங்கால பஸ்ஸில் தோல்பையோடு வந்து இறங்கினார். முன்மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை சாவியைத் திருகிப் பார்த்தார். கார் முதல் தடவையிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் இறங்கி நின்று காரையே பார்த்தார். கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்ததுமே சரியாகிவிட்டது, இதற்குத்தான் வாரண்டி வேண்டும் என்பது என்று பெரியவர் தெருவுக்கே எடுத்துச் சொல்லி, அந்த ஆளுக்கு எங்கள் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு போட வைத்தார். வரும் தையில் கல்யாணம் என்று முடிவானது. சேலத்துக் கூடத்தில் அத்தையும் அவள் மாமியாரும் ஆயுசுக்கும் தாயம் ஆடினார்கள்.

நான் வளர்ந்து, வேலைக்குப் போய், ஒரு பழைய கார் வாங்கினேன். ஒருநாள் தென்னேரி ஏரிக்கரை ஓரம் அது நின்றுபோனது. வாலாஜாபாத்திலிருந்து வந்த மெக்கானிக் வயர்கள் கிளம்பிய கறுப்பு வட்ட மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சாமானை உருவி என் கையில் வைத்தார். "ரோட்டார் போயிடுச்சும்மா. இது இல்லாட்டி வண்டி கிளம்பவே கிளம்பாது."

கட்டைவிரல் பருமன். பழுப்பு நிறம். தலையில் பித்தளைத் துண்டு. நடுரோட்டில் நின்று நான் சிரித்த சிரிப்பில் மெக்கானிக் பயந்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் அவர் மற்றொரு கையில் இருந்த கறுப்பு மூடி கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் சேலத்துக்குப் போன் போட்டேன். பெரியவர் போய்ச் சேர்ந்து அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. அவரை ஏமாற்றிவிட்டதாக அத்தையும் மாமாவும் அதுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த விடியற்காலையைப் பற்றி நான் சொன்னதும் அத்தை போனை மாமாவிடம் கொடுத்து, அவரிடமும் அதைச் சொல்லச் சொன்னாள்.

வீட்டில் ஒரு வார்த்தை பேச முடியாத மனிதர், தெருவில் நின்று வாரண்டி வாரண்டி என்று தொண்டை கிழியக் கத்தினாரே, விஷயம் தெரிந்த பிறகும் இன்னொரு ராத்திரி கொசுக்கடியில் காரைக் காத்துக் கிடந்தாரே, அது எதற்காக என்று சொம்போடு நின்ற அந்தச் சிறுமிக்குத் தெரியவில்லை. வண்டிக்கு ஒன்றுமில்லை என்று அவர் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கோலம் போடப் போய்விட்டாள்.