பாலைவனத்தின் வசந்தத்தை விரியிலிருந்து கேட்டவர்

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்ற செய்தி சென்ற ஞாயிறு காலை வந்தது. ஆக்லாந்தில், எங்கள் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டின் பின்புறத்தில் உருளைக்கிழங்குக்கு மண் கொத்திக்கொண்டிருந்தேன். மனைவி ஜன்னலால் கூப்பிட்டு, "எஸ்தர் அக்காவின்ர மகள் ஃபோனில. கெதியா வாங்கோ" என்றாள். மகள் ரூத் ஆங்கிலத்தில்தான் பேசினாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். கடைசியில் மட்டும் தமிழுக்கு வந்தாள். "அங்கிள், மெலன் கதைய நீங்கதான் எல்லாருக்கும் சொல்லணும்" என்றாள்.

ஆகையால் சொல்கிறேன். உங்களில் பலருக்கு அவரைப் பொங்கல் விழாவில் எல்லோருக்கும் முன்னால் கைதட்டிச் சிரிக்கும், மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த அம்மாவாகத் தெரியும். எனக்கு அவர், ஆக்லாந்தின் தெற்கே விரி என்ற இடத்தில் ஒரு விதைக் கம்பனியின் கிடங்கில், பக்கத்து மேசைக்காரர். நான் பொதிகள் அனுப்பும் எழுத்தர். வாடிக்கையாளரின் முறைப்பாடுகள் அவருக்கு வரும். கணவரின் வேலை காரணமாக எட்டு வருடம் ஓமானின் பாலைவனத்தில் இருந்துவிட்டு ஆக்லாந்துக்கு வந்தவர்.

எண்பதுகளின் நடுவில், ஒரு செப்டம்பர் தொடக்கத்தில், இந்தப் பக்கத்து நாடுகளில் வசந்தம் பிறக்கிற நேரத்தில், அந்த அழைப்பு வந்தது. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் வடக்கே, டெஸ் என்றொருவர் முலாம்பழம், ரூத் சொன்ன அந்த மெலன், பயிரிட முயன்றுகொண்டிருந்தார். நாங்கள் அனுப்பிய விதை இரண்டு முறையும் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டதாம். "நீங்கள் விற்றது செத்த விதை" என்று கத்தினார். இன்னும் ஒரு விதைப்புக்கு மட்டுமே விதை மிச்சம். அதுவும் போனால் மனைவி பிள்ளைகளோடு அந்த நிலத்தை விட்டுப் போவதாகச் சொன்னார்.

விதை பரிசோதித்து அனுப்பப்பட்டது என்று ஒரு கடிதம் எழுதினால் போதும் என்றார் மனேஜர். எஸ்தர் அக்கா கடிதம் எழுதவில்லை. டெஸ்ஸை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: விடியற்காலையில் அங்கே எப்படி இருக்கிறது?

பகலில் வெறும் சட்டையோடு வேலை செய்கிறேன், நல்ல வசந்தம் என்றார் டெஸ். அக்கா விடவில்லை. திரும்பவும் விடியற்காலையைப் பற்றியே கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, நாயின் தண்ணீர்ச் சட்டியில் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது என்றார் டெஸ்.

அக்கா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் இரண்டும் மின்னின. "பாத்தீங்களா நாதன்? வெதை சாகல லா. குளுர்ல நனைஞ்சு அழுகிப்போச்சு. பாலைவனத்துல வெய்யில நம்பி வெதைக்கக் கூடாது, விடியக்காலைய நம்பித்தான் வெதைக்கணும்."

அன்று முதல் எங்கள் காலைகளே மாறிவிட்டன. நான்கு விரல் ஆழத்தில் ஒரு வெப்பமானியைப் புதைத்து, தினமும் விடிந்ததும் பார்த்துச் சொல்லும்படி அக்கா டெஸ்ஸிடம் கேட்டுக்கொண்டார். அவருக்கு விடிகிற நேரம் எங்களுக்கு எட்டரை மணி. அக்கா கிடங்கின் சுவரில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து ஒட்டி, அன்றன்றைய மண்ணின் சூட்டைச் சிவப்புப் பேனாவால் கோடாகப் போட ஆரம்பித்தார். இரண்டு நாளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சியோனேயும் வந்து நிற்கத் தொடங்கினான். பிறகு பொதி கட்டுகிற பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், நாங்கள் யாருமே பார்த்திராத ஒரு பாலைவனம் இன்று எவ்வளவு சூடேறியது என்று கேட்கக் காத்திருப்போம். கோடு ஏறினால் கைதட்டு. இறங்கினால் ஒருவரும் தேநீர் குடிக்க மாட்டார்கள்.

மூன்றாம் வாரம் கோடு தொடர்ந்து ஏறியது. ஒரு காலை அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்றைக்கு விதையுங்கள்" என்றார். பத்தாம் நாள் எல்லா வரிசையும் முளைத்துவிட்டதாக டெஸ் சொன்னபோது சியோனே ஃபோர்க்லிஃப்டின் ஹார்னை நிறுத்தவே இல்லை.

நான்கு நாள் கழித்து வந்த டெஸ்ஸின் குரல் வேறு மாதிரி இருந்தது. இரவு உறைபனி விழுந்துவிட்டது. தோட்டத்தின் ஒரு பக்கம் முழுதும் கருகிப்போனது. மறுபக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "உங்கள் நிலம் சரிவா?" என்று கேட்டார். ஓம், கருகியது பள்ளத்துப் பக்கம்தான் என்றார் டெஸ்.

குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு ஓடி அங்கே தேங்கும். அது அவருக்குத் தெரியும். நிலம் சரிவா என்று கேட்கத்தான் தவறிவிட்டார். மனேஜர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டெஸ்ஸுக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. அக்கா வானிலையின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பியிருக்கலாம்.

"தவறு என்னுடையது" என்றார் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. "முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். மேட்டுப் பக்கத்துச் செடிகளைக் காப்பாற்ற இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்."

டெஸ், "நாளைக்கும் அதே நேரம்தானே?" என்றார். மனேஜர் தன் அறைக்குப் போனார்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை டெஸ் உற்சாகமாக அழைத்தார். குளிரே இல்லையாம், வடமேற்கிலிருந்து இதமான காற்று வீசுகிறதாம். நாங்கள் சிரித்தோம். அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஓமானில் அவருடைய முதல் தோட்டம் இப்படியொரு இதமான காலைக்குப் பிறகு, ஒரே பிற்பகலின் அனல் காற்றில் தீய்ந்துபோனது.

எங்கள் தகரக் கூரையில் மழை கொட்டியதால் அவர் கத்த வேண்டியிருந்தது. "இப்போதே தண்ணீர் பாய்ச்சுங்கள்! மத்தியானம் வரை காத்திருக்காதீர்கள்! இருக்கிற சாக்கையெல்லாம் காற்று வருகிற பக்கம் கட்டுங்கள்!"

மறுநாள் எட்டரைக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாங்கள் அழைத்தாலும் இணைப்புக் கிடைக்கவில்லை. அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். "சரியாத்தான் இருக்கும் அக்கா" என்று நான் சொன்னபோது, "தெரியாதத சொல்லாதீங்க நாதன்" என்று சட்டென்று வெட்டினார்.

மூன்றாம் நாள் மணி அடித்தது. புழுதிப் புயலில் தொலைபேசிக் கம்பி அறுந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு இலைகூட மிஞ்சவில்லை. "இங்கே?" என்றார் அக்கா.

"இலைகளின் ஓரம் கருகியிருக்கிறது," என்றார் டெஸ். "ஆனால் நிற்கின்றன, எஸ்தர். எல்லாம் நிற்கின்றன!"

"நிக்கிதாம்! எல்லாம் நிக்கிதாம்!" அக்கா தமிழிலேயே கத்தினார். அந்தக் கிடங்கில் என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் விளங்கியது. சியோனே அவரைத் தூக்கி ஒரு பலகையின் மேல் நிறுத்தினான். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மா அங்கேயே ஆடினார். மனேஜர்கூட வந்து தாளம் போட்டார்.

கோடையில் ஒரு புகைப்படம் வந்தது. சிவந்த மண், நீண்ட வரிசைகள், கையில் ஒரு பழத்தோடு டெஸ், பக்கத்தில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பழத்தை நியூசிலாந்துக்குள் அனுப்ப முடியாது என்பதால் அதன் ருசியை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அக்கா அதைச் சாப்பாட்டு நேரத்தில் உரக்க வாசித்தார். கேட்டுக்கேட்டே நாங்கள் எல்லோரும் அந்தப் பழத்தைச் சாப்பிட்டோம்.

அந்த வெற்றியை நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது அதற்கு முந்திய அந்தக் கறுத்த காலையை. ஒருவரும் கேட்காதபோது, எல்லோர் முன்னாலும் "தவறு என்னுடையது" என்று அவர் சொன்னதையும், சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகாமல் மறுநாள் எட்டு இருபதுக்கே தொலைபேசிக்கு அருகில் வந்து உட்கார்ந்துகொண்டதையும்.