சாட்சிக் கையெழுத்து

முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்த ஐந்து நாள் பயிற்சி, முடிவில் தேர்ச்சி பெற்றதற்கு ஓர் அட்டை. தொண்ணூறுகளின் கடைசியில் அதற்கான கட்டணம், பீளமேட்டுக் கல்லூரியில் நான் வாங்கிய நாலு மாதச் சம்பளம். லட்சத்தீவுக்குக் கப்பல் செலவு தனி.

"தண்ணிய மேல கொண்டாரத்தான் அவனவன் மோட்டாருக்குச் செலவு பண்றான். நீ தண்ணிக்குள்ள போறதுக்குக் காசு குடுக்கறயா அம்மணி?" என்றார் அப்பா. துடியலூரில் எங்கள் கிணறு வற்றி இரண்டு வருடமாகியிருந்தது. கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் சம்பளம் என்னுடையது என்பதால் அவர் அதற்கு மேல் பேசவில்லை. தனியாகப் போவதைக்கூட ஒப்புக்கொண்டார்.

டாக்டர், "சளி இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டு உடல்தகுதிச் சான்றிதழ் கொடுத்தார். அதற்கும் பீஸ் வாங்கினார்.

கடைசியாகத் தபாலில் ஓர் உறுதிமொழித் தாள் வந்தது. எனக்கு ஏதாவது ஆனால் பயிற்சி நிலையம் பொறுப்பல்ல என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்து ஒன்றும் வேண்டும். அப்பா கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டவரில்லை. இரண்டு பக்க ஆங்கிலத்தையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்து, 'மரணம்' வந்த மூன்று இடங்களிலும் கோடு போட்டு அடித்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுருக்கொப்பம். 'காயம்' என்பதை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்தார்.

"ஏனுங்க, அப்படி அடிக்கலாமுங்களா?" என்றாள் அம்மா.

"நாம ஒத்துக்காததை அடிச்சுப்போடலாம். சட்டம் அதுதான்."

தீவில் பயிற்சியாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருத்திய தாள் செல்லாது என்று புதிதாக ஒன்றை நீட்டினார். மூன்று மரணங்களோடும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்குச் சமையல்காரர் வந்தார். மீன் கழுவிக்கொண்டிருந்தவர், கையை லுங்கியில் துடைத்துவிட்டுப் போட்டார்.

ஐந்தாம் நாள் ஆழத்தில் ஓர் ஆமை என்னைத் துளியும் மதிக்காமல் கடந்து போனது. எனக்குப் பயமே இல்லை. அட்டை கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை நீட்டினேன். அப்பா அதைக் கையில் வாங்கவில்லை.

"அந்தத் திருத்தத்தை ஒத்துக்கிட்டாங்களா கண்ணு?"

"ஒத்துக்கிட்டாங்கப்பா."

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நாந்தான் சொன்னனே. அதை அடிச்சதுக்கப்பறம் புள்ளைக்கு என்ன ஆயிரும்? நீ என்னமோ அவ போன நாள்லருந்து சோறு தண்ணியில்லாம உக்காந்திருந்தயே."

"ஆரு, நானுங்களா?" என்றாள் அம்மா.

அப்பா அட்டையை வாங்கி விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார்; அவர் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. கடலுக்குள் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.