வீட்டுல வேற யாருக்கு?

"வீட்டுல வேற யாருக்கு இருமல்?" என்று கேட்ட பிறகுதான் டாக்டர் எதிரில் இருப்பவரைத் தொட்டுப் பார்ப்பார். கால் சுளுக்கு என்று வந்தவரிடமும் இதே கேள்விதான். "எனக்குக் காலு டாக்டர்" என்பார் வந்தவர். "காலு எங்கயும் ஓடிடாது. வீட்டுல யாருக்கு, அதச் சொல்லுங்க" என்பார் இவர்.

பேருந்து ஆற்றுப் பாலத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டும். மலையில் சிதறிக் கிடக்கும் ஏழு குடியிருப்புகளுக்கும் சேர்த்து இந்த ஓட்டு வீடு ஒன்றுதான் ஆஸ்பத்திரி. முன்னறையில் வைத்தியம், பின்னறையும் அடுப்படியும் டாக்டருக்கும் அவருடைய அக்காவுக்கும். ஆறு மாதம் தாக்குப்பிடித்தவரையே பெரிய ஆள் என்று பேசிக்கொள்ளும் இடத்தில் இவருக்கு இது பதினோராவது வருடம். பத்து நாள் சமைத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்த அக்காவும் அப்படியே தங்கிவிட்டார். எட்டாவதுக்கு மேல் படிக்காதவர்; ஆனால் அலமாரியில் எந்த மருந்து எந்த மாதத்தோடு காலாவதி என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும். ஊரே அவரை டாக்டரக்கா என்று கூப்பிடுகிறது. வெறும் அக்கா என்றால் அவருக்குக் காது கேட்பதில்லை.

டாக்டருக்கு ஒரு விநோதம் உண்டு. ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் உட்காருவதற்குள், நாற்காலியில் நிமிர்ந்தபடியே நாலு நிமிடம் தூங்கிவிடுவார். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் வரிசையே திரும்பி முறைக்கும்.

இருமல் கேள்வி வந்தது இரண்டாம் வருடத்தில். நெஞ்சில் சளி கட்டிய குழந்தைக்கு ஐந்து நாளுக்கு மருந்து கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் குழந்தை மூச்சுத் திணறத் திரும்பி வந்தது. "மூணுக்கும் இருமல் டாக்டர். ஒண்ணுக்கு மட்டும் ஊத்திட்டு மத்த ரெண்டு மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்றாள் தாய். சொட்டுக்கூடப் பிசகாமல் மூன்று பங்கு போட்டிருந்தாள். குழந்தை பிழைத்தது. அவளைத் திட்டத்தான் அவருக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஒருவருக்கு மருந்து கொடுத்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் ஒரு சத்து மாத்திரையாவது போகும்.

போன செவ்வாய்க்கிழமை ஆட்டுக்காரர் எடைக் கருவியில் ஏறினார். காசநோய்க்கு நாலு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறவர். போன மாதம் நாற்பத்தெட்டு கிலோ. டாக்டர் குனிந்து முள் நிற்கும்வரை பார்த்தார். நாற்பத்தைந்து.

"மாத்திரை தெனமும் போடறீங்களா?"

"ஒரு நாள் தவறல டாக்டர்."

"முழுசா?"

ஆட்டுக்காரர் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பாதிய யாருக்குக் குடுக்கறீங்க?"

"எம் பொஞ்சாதியும் ரெண்டு மாசமா இருமறா. இங்க வந்தா நாலு பேரு பாப்பாங்க, அப்புறம் நம்ம வீட்டுப் பால யாரு வாங்குவாங்கன்னு சொல்லிட்டா."

"அரையும் அரையுமாத் தின்னா ரெண்டு பேருக்குமே கேக்காது. நோய்க்கு மாத்திரை பழகிடும். அப்புறம் இந்த மாத்திரைய மூட்டையாக் குடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. அவங்க எங்க இப்ப?"

ஆட்டுக்காரர் கண்ணால் பின்பக்கத்தைக் காட்டினார். கூடவே நடந்து வந்தவள், விறகுக் குவியலுக்கு மறைவில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். "அக்கா, உனக்கு விருந்தாளி. வெளியிலயே வெச்சுக்கோ. அடி நெஞ்சுலேருந்து இருமி இதுல துப்பச் சொல்லு. எச்சில் உதவாது, சளி வேணும். சளிய டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போற ஜீப் பாலத்துக்கு வர்றதுக்குள்ள குடுத்தனுப்பணும். விட்டா அடுத்த வாரந்தான்."

அக்கா டப்பாவை நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரக்கா, நான் இருமினா முன்னாடி கேட்டுடும்."

"மெதுவா இருமும்மா."

"மெதுவா இருமினா சளி வராதே."

முன்வாசல் பெஞ்சில் பதினாலு பேர். அவர்களில் நாலு பேர் அவளிடம் பால் வாங்குகிறவர்கள். அடக்கி அடக்கி அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது. டப்பா காலியாகவே இருந்தது. அக்கா உள்ளே போய்த் தம்பியின் காதோடு சொன்னார்: "இருமமாட்டேங்கறாடா. முன்னாடி கேட்டுடுமாம்."

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு முன்வாசலுக்குப் போனார். தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமத் தொடங்கினார். ஓடு அதிர்கிற இருமல். பெஞ்சில் பேச்சு நின்றது.

"டாக்டருக்கே இந்தக் கதின்னா நாம எங்க போறது?" என்றார் ஒருவர்.

"பதினோரு வருசமா நம்ம இருமலையெல்லாம் வாங்கி வெச்சிருக்காரே" என்றார் பக்கத்திலிருந்தவர்.

பின்வாசல் படியில் நின்ற அக்காவுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. விறகுக் குவியலுக்குப் பின்னால் அவள் டப்பாவை வாயருகே கொண்டுபோய் இருமினாள், நிறுத்தினாள், போதுமா என்று நிமிர்ந்து பார்த்தாள். அக்கா எட்டிப் பார்த்தார். எச்சில்தான் இருந்தது.

முன்வாசலில் யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு அறைகளையும் தாண்டி அக்காவைப் பார்த்தார். அக்கா இல்லை என்று தலையசைத்தார். டாக்டர் தண்ணீரை ஒரு கையால் விலக்கிவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மறுபடியும் தூணைப் பிடித்துக் குனிந்தார்.