மேற்கு வெயிலுக்கு ஒரு மரம்

எங்கள் வீட்டைச் சுற்றி இன்று தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். கொய்யாக் கிளை நெற்றியில் இடிக்கும், எலுமிச்சை முள் புடவையைப் பிடித்து இழுக்கும். வந்து போகிறவர்கள், "நல்லா சோலையா வெச்சிகினு கீறீங்க" என்பார்கள். எனக்கோ அந்த இடம் வெறும் தரையாகக் கிடந்த வருஷம்தான் அடிக்கடி நினைவுக்கு வரும். கண்ணெதிரே ஒரு மரம்கூட இல்லாமல், எல்லா மரமும் எங்கள் பேச்சில் மட்டுமே இருந்த வருஷம் அது.

அதற்கு முன்பு உத்திரமேரூரில் வாடகைக்கு இருந்தோம். அங்கே வீட்டுச் சொந்தக்காரர் மண்ணில் குழி தோண்ட விடமாட்டார். பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலை, அவ்வளவுதான் என் தோட்டம். மகள் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில் மானாம்பதியில் மனை வாங்கிக் கட்டினோம். குடி வந்த அன்று சுற்றிலும் மிச்ச ஜல்லியும் மணலும் சிமென்ட் சாக்குகளும்தான். என் கணவர் அதன் நடுவில் நின்று, "இங்க ஒரு காடே வைக்கலாம்" என்றார்.

அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆந்திரா பக்கம்தான் பெரும்பாலும் லோடு. அங்கே கடியம் என்ற ஊரில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. அந்த வழியாக வரும்போதெல்லாம் ஒரு கன்றை வாங்கிச் சீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு வருவார். சாப்பாட்டு வேளையில் போன் வரும்.

"இன்னா வாங்கிக் கீறேன்னு சொல்லு பாக்கலாம்."

"இன்னாங்க?"

"ஒட்டுப் பலா. சீக்கிரமே காய்க்குமாம்."

"எங்க வைக்கறது?"

"வந்து சொல்றேன். நீ தண்ணி மட்டும் ஊத்திகினு இரு."

இப்படியே சுவரோரம் கறுப்புப் பைகள் சேர்ந்துகொண்டே போயின. சப்போட்டா, மாதுளை, நெல்லி, எலுமிச்சை, சீத்தா. ஒருநாள் அங்கன்வாடியில் வேலை முடிந்து வந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் வைத்தால் நாங்கள் எங்கே இருப்பது?

அடுத்த தடவை அவர் லீவில் வந்தபோது உட்கார்ந்து யோசித்தோம். முன்பக்கம் கரன்ட் கம்பி போகிறது, தென்னை கூடாது. பின்பக்கம் செப்டிக் டேங்க், பலா வேர் போய் உடைத்துவிடும். வளர்ந்தால் எந்த மரம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பேச்சில் பிடிபடவில்லை. நான் குச்சியில் கயிறு கட்டி, கோலமாவால் தரையில் வட்டம் போட்டேன். பலாவுக்கு ஒன்று, சப்போட்டாவுக்கு ஒன்று. வட்டத்தோடு வட்டம் முட்டிக்கொண்டது. "உன் சப்போட்டாவ கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லு" என்று அவர் சொல்ல, "உங்க பலாவ மொதல்ல நகத்துங்க" என்று நான் சொல்ல, மத்தியானச் சாப்பாடே மறந்துபோனது. தெருவில் போனவர்கள் ஏதோ பரிகார பூஜை என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மேற்குப் பக்கம். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில்தான் அவர் தூங்குவார். படுக்கையறை மேற்குப் பார்த்தது. பிற்பகலில் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு புரண்டுகொண்டே இருப்பார். அதனால் மேற்கு மதில்சுவரோரம் ஒரு வேப்பமரம் என்று முடிவு செய்தோம். மூங்கில் நுனியில் போர்வையைக் கட்டி அவர் தூக்கிப் பிடிக்க, நிழல் எங்கே விழுகிறது என்று நான் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தேன். ஜன்னல் மேல் நிழல் வந்து நின்றதும் அந்த இடத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன்.

சுவருக்கு மேல் போர்வை ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கு வீட்டு அக்கா சுற்றிக்கொண்டு எங்கள் கேட் வழியாக வந்தார்.

"எம்மா, இங்க இன்னா மரம் வைக்கப் போறீங்க?"

"வேப்ப மரம் அக்கா."

"செவுரோரமாவா? அப்போ காலையில எங்க வூட்டாண்ட வெயிலே வராதே. நான் வேர்க்கல்ல காய வைக்கணுமே."

என் கணவர் தூக்கமில்லாமல் இருந்தார். "எங்க எடத்துல மரம் வைக்க உங்கள கேக்கணுமா? மாடியில காய வெச்சிக்குங்க."

"எங்களுது ஓட்டு வூடு. மாடிக்கு நான் எங்க போறது?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவர் விடியற்காலையிலேயே லோடுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டில் மனக்கசப்போடு குடியிருக்க எனக்கு மனம் வரவில்லை. சமாதானமாக இரண்டு வார்த்தை பேசலாம் என்று போனேன். மற்ற நாட்களில் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். நடுவில் ஆள் உயரச் சுவர் வேறு. அவர்கள் பக்கத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் அக்காவின் வீட்டுக்காரர் படுத்திருந்தார். ஒரு கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. காலை வெயில் அவர் கால்மேல் விழ, அக்கா எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தார். வேர்க்கடலை ஒரு பிடிகூட அங்கே இல்லை. அவருக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டிருந்தேன், நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வெயில்ல படுக்க வெச்சாதான் வாயத் தொறந்து நாலு வார்த்த பேசறாரு" என்றார் அக்கா. "உள்ள இருந்தா செவுத்தப் பாத்துகினே கீறாரு."

"நேத்தே இத்த சொல்லியிருக்கலாமே அக்கா."

"அந்த மனுசன் கோவமா பேசறாரு. அவராண்ட நின்னுகினு எங்க வூட்டு கஷ்டத்த சொல்லச் சொல்றியா?"

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்து, குழறிய குரலில், "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். வெயில் என் முதுகிலும் இதமாக விழுந்தது.

மத்தியானம் கணவரின் போன் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த எடத்துல மரம் வாணாம். தூங்கறதுக்கு இன்னா, நான் எங்கனா தூங்கிக்கிறேன்" என்றார். ஊருக்கு வந்ததும் அந்த வட்டத்தைத் தன் காலாலேயே அழித்தார். குளித்துவிட்டு நேராக மேற்கு வீட்டுக்குப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். "அவரும் டிரைவர்தானாம். டிராக்டர் ஓட்டிகினு இருந்தாராம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் இருக்கும் நாளெல்லாம் காலையில் அந்தக் கட்டிலருகில்தான் அவருக்குக் காபி.

ஆடியில் கன்றுகளை நட்டோம். வேம்பு பின்பக்கத்துக்குப் போனது. மேற்குச் சுவரோரம் சுவரைத் தாண்டாத மாதுளையும் எலுமிச்சையும் மட்டும். இரண்டு கோடை, ஜன்னலில் சாக்கு கட்டித் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். பிறகு கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டு அந்த அறையில் நெல் மூட்டைகளை அடுக்கினோம்.

சில வருஷம் கழித்து ஒரு மார்கழியில் அக்காவின் வீட்டுக்காரர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அக்கா வந்தார்.

"எம்மா, இனிமே அந்த வேப்ப மரத்த வெச்சிக்கோ. வெயிலு எனக்கு இன்னாத்துக்கு?"

என் கணவர், "இருக்கட்டும் அக்கா. அங்க மாதுள நல்லா காய்க்குது" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா தன் பக்கத்தில் ஒரு பூவரசங் கொம்பை வெட்டி நட்டார். கேட்டதற்கு, "கட்டிலு இருந்த எடம் காலியா கீது, பாக்க முடியல" என்றார். பூவரசு சட்டென்று வளர்கிற மரம். பிற்பகலில் சூரியன் அதற்குப் பின்னால் இறங்கும்போது நிழல் சுவரைத் தாண்டி எங்கள் ஜன்னல்மேல் விழும். எங்களையும் நினைத்துத்தான் நட்டாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இடுப்பு வலியால் லாரியை விட்டுவிட்ட என் கணவர், மூட்டைகளை வெளியேற்றிவிட்டு இப்போது அந்த அறையில்தான் மத்தியானம் தூங்குகிறார். பூவரசம்பூ எங்கள் பக்கமும் மஞ்சளும் சிவப்புமாய் உதிர்ந்து கிடக்கும். காலையில் நான்தான் பெருக்குகிறேன்.